மூச்சுவாங்கிப் பாறை

இப்படித் தள்ளி நில்லுங்க அம்மிணி, வெயில் மூஞ்சியிலயே அடிக்குது. இந்தத் தகர நிழல் நம்ம ரெண்டு பேருக்கும் போதும். வரிசை இப்போதைக்கு நகராது. பங்குனி உத்திரம் இல்லீங்களா, நெடுங்கரட்டு ஆண்டவரைப் பார்க்காத சனம் இந்தச் சுத்துவட்டாரத்துல இன்னைக்கு இருக்காது. எந்த ஊருங்க? திருச்சிங்களா. தனியாவா வந்தீங்க? ஓ, அவர் வண்டியிலயே இருந்துக்கறேன்னுட்டாரா. அதுவும் சரிதான். அந்தரத்துல தொங்கறதுன்னா ஆம்பளைங்களுக்குத்தான் பயம் அதிகம். சொல்ல மாட்டாங்க, கார்ல ஏசி நல்லா இருக்குதும்பாங்க.

எனக்கும் இதுதாங்க முதல் தடவை. சிரிக்காதீங்க. வீடு இதே அடிவாரம்தான். அந்த ரைஸ் மில்லுப் புகைபோக்கி தெரியுதுங்களா, அதுக்கு அந்தப் பக்கம். சத்துணவு ருக்மணின்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. இந்த ரோப் கார் ஓட ஆரம்பிச்ச நாள்ல இருந்து பொட்டி போறதையும் வர்றதையும் வாசல்ல உக்காந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன். ஏறலை. ஏற மாட்டேன்னு சொல்லியிருந்தேன். எனக்குச் சொன்னா சொன்னதுதான், எங்க வீதியில கேட்டுப் பாருங்க.

இன்னைக்கு மட்டும், முட்டிக்காக ஒரு வேண்டுதல். ஆண்டவருக்குத்தான். வேற ஒண்ணுமில்லை.

இந்தத் தூக்குப்போசியில என்ன இருக்குதுன்னா கேக்கறீங்க? கச்சாயமுங்க. அரிசியும் வெல்லமும் போட்டுச் சுட்டெடுக்கறது. படைக்கலாம்னு கொண்டு போறேன். வெளியில செஞ்ச பலகாரம் கோயில்ல வாங்கறதில்லைன்னு போர்டே வெச்சிருக்காங்க, தெரியும். இருந்தாலும் கையை வீசிட்டா போறது?

அதோ அந்தப் பக்கம் பச்சைக் கேட்டு இருக்குது பாருங்க, பூட்டுத் தொங்குதே. அதுதான் பழைய நடைபாதை. இப்ப முள்ளு மூடிக் கிடக்குது. காலு படாத பாதை பாதையா இருக்குங்களா? ஒரு மழைக்கே புல்லு வந்துருது. ரோப் கார் வந்தப்புறம் நடக்கறவங்க குறைஞ்சாங்க. ஆள் குறைஞ்சதும் கரடி வந்துச்சு. கரடி வந்ததும் காட்டிலாக்கா பூட்டுப் போட்டுச்சு. மேல கோயிலுக்குப் பின்னாடி பின்மலைன்னு ஒண்ணு இருக்குது, அதுல ஒரு சுனை. முன்னெல்லாம் நடந்து ஏறினவங்கதான் அந்தச் சுனைக்கும் போவாங்க. அவ்வளவு தூரம் ஏறி வந்த காலுக்கு அந்த வழி ஒண்ணுமே இல்லை. இப்பப் பொட்டியில இருந்து எறங்கினதும் ஹீல்ஸ் போட்ட செருப்போட, சிப்ஸ் பாக்கெட்டோட நேரா பின்மலைக்குக் கிளம்பிடறாங்க. ரெண்டு பேர் பாறையில வழுக்கி விழுந்தாங்க, ஒரு குடும்பம் வழி தெரியாம சாயங்காலம் வரைக்கும் சுத்திச்சு. அதையும் வேலி போட்டு அடைச்சாச்சு. சுனைத் தண்ணி இப்பக் குழாயில வருது, பிளாஸ்டிக் டம்ளர்ல பிடிச்சுக் குடிக்கலாம். குளோரின் நாத்தம் அடிக்குதுன்னு சொல்றாங்க. நான் குடிச்சதில்லை.

நகருங்க, நகருங்க. ரெண்டடிதான். சரி, அதுவும் லாபம்.

அந்தப் பாதையில ஒரு வழக்கம் இருந்துச்சுங்க. உங்க பக்கத்து மலைகள்ல எப்படின்னு எனக்குத் தெரியாது. முதல் படியில கால் வெச்சா அப்புறம் அக்காளும் கிடையாது, தம்பியும் கிடையாது, மாமன் மச்சான் ஒண்ணும் கிடையாது. எல்லாரும் சாமி. மேல ஏறுறவங்க, எறங்கி வர்றவங்களைப் பார்த்து, "இன்னும் எத்தனை தூரம் சாமி?"ன்னு கேக்கணும். எறங்குறவங்க, "வந்தாச்சு சாமி, இன்னும் கொஞ்சந்தான்"னு சொல்லணும். பொய்தான். சுத்தப் பொய். மூணாவது படியில நின்னுட்டுக் கேட்டாலும் வந்தாச்சு சாமிதான். ஒரு தடவை ஒரு சென்ட்ரிங் கான்ட்ராக்டரு, நல்ல உடம்பு, கீழ கார்ல இருந்து எறங்கும்போதே மூச்சு வாங்கிட்டுக் கேட்டாரு. எறங்கி வந்த கிழவர் ஒருத்தர், "வந்தாச்சு சாமி, இப்படியே திரும்பினா உங்க வீடுதான்"னாரு. எல்லாரும் சிரிச்சோம், அந்த மனுசனும் சிரிச்சாரு. ஏறியும் முடிச்சுட்டாரு.

கேட்டா பதில் சொல்லியே ஆகணும். கேக்காத மாதிரிப் போனா, எறங்கினவன் ஏறினதே கணக்கில்லை. திரும்ப முதல் படிக்குப் போய் ஏறணும். யாரா இருந்தாலும் சரி. கோர்ட்டுல கேஸ் நடக்கற பங்காளிங்ககூட அந்தப் பாதையில, "வந்தாச்சு சாமி"ன்னு சொல்லிட்டு, கீழ வந்து மறுபடியும் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க.

நானும் என் தம்பியும் அப்படித்தான்.

தம்பின்னா கூடப் பிறந்தவன். நாச்சிமுத்துன்னு பேரு. எங்கம்மா போறப்ப அவனுக்கு நடக்க மட்டும்தான் தெரியும். நான் வாக்கப்பட்டுப் போயி, மஞ்சக்காமாலையில எங்க வூட்டுக்காரரைப் பறிகுடுத்துத் திரும்பி வந்தப்ப அவன் பள்ளிக்கூடத்துல இருந்தான். நான்தான் வளர்த்தேன். குளிக்க வெச்சா, சோப்பு கண்ணுல போயிருமுன்னு இடது கையைப் பின்கழுத்துல வெச்சுட்டுக் குனிஞ்சு நிப்பான். கண்ணுக்கும் கழுத்துக்கும் என்னடா சம்பந்தம்னு கேப்பேன். பெரியவனாகியும் அந்தப் பழக்கம் போகலை. யோசனை வந்தா கை பின்கழுத்துக்குப் போயிரும். லேத் பட்டறையில சேர்த்துவிட்டதும் நான்தான். பொண்ணு பார்த்ததும் நான்தான்.

எங்க பக்கம் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு இணைச்சீர்னு ஒண்ணு செய்வாங்க. கூடப் பிறந்தவ கூறைச்சேலையோட மாப்பிள்ளை பக்கத்துல நிக்கணும், அவளுக்கும் மாலை மரியாதை உண்டு. தாலி கட்டுறதுக்கு முன்னாடி அவனோட நிக்கறவ அவதான். நான் பட்டுச்சேலை கட்டிட்டு நின்னேன். மண்டபத்துல சீர்க்காரர் சத்தமாக் கூப்பிட்டாரு, "இணைச்சீருக்கு அக்கா வாங்க"ன்னு. நான் ஒரு எட்டு வெச்சேன். பெரியப்பா கையைக் குறுக்க நீட்டினாரு. "நீ இரு ருக்மணி. நல்ல காரியம். தாலி இல்லாதவ நிக்கக்கூடாது"ன்னு சொல்லிட்டு, சித்தப்பா மகளைக் கூப்பிட்டு நிறுத்திட்டாரு. அவ அவனை ஒருநாள்கூடத் தூக்கினவ இல்லை.

அதுகூடப் பரவாயில்லைங்க. பெரியவங்க அப்படித்தான். நான் அவனைப் பார்த்தேன். மணவறையில உக்காந்துட்டு அவன் என்னைப் பார்த்தான். கை பின்கழுத்துக்குப் போச்சு. வாயைத் திறக்கலை. "எங்க அக்காதான் நிக்கணும்"னு மூணு வார்த்தை. அதைச் சொல்லலை அவன்.

அன்னைக்குச் சாப்பிடாம வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பொண்ணு மாப்பிள்ளை காலுல விழ வந்தாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே சொன்னேன். "அன்னைக்கு உன் வாய் திறக்கலை. இனி எனக்கும் உங்கிட்டத் திறக்காது." அவ்வளவுதான். அப்புறம் அவனுக்குப் பையன் பொறந்து, அந்தப் பையன் காலேஜும் போயிட்டான். ஒரு வார்த்தை கிடையாது. ஒரே ஊர்தான், ஒரே ரேஷன் கடைதான். அவன் வந்தா நான் வாசல்ல இருந்து உள்ள போயிருவேன்.

இல்லீங்க, சங்கடமெல்லாம் இல்லை. எதுக்குச் சங்கடம்? நான் வெச்ச வார்த்தை, நான்தான் காப்பாத்தணும்.

மலையில பேசினது வேற. அது நாச்சிமுத்துகிட்டப் பேசினது இல்லையே, சாமிகிட்டப் பேசினது. வருசா வருசம் உத்திரத்தன்னைக்கு அவன் விடியறதுக்கு முன்னாடி ஏறிடுவான். நான் பள்ளிக்கூடப் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்திட்டு வெயில் ஏறித்தான் கிளம்புவேன். பாதி வழியில ஒரு பாறை இருக்குது, மூச்சுவாங்கிப் பாறைன்னு பேரு. எல்லாரும் அங்க உக்காந்துதான் போவாங்க. எப்படியோ நான் அங்க போற நேரத்துக்கு அவன் எறங்கி வந்திருப்பான். தற்செயல்தான். ஒவ்வொரு வருசமும் அப்படியே அமையும், ஆண்டவர் கணக்கு.

"இன்னும் எத்தனை தூரம் சாமி?"ம்பேன்.

"வந்தாச்சு சாமி, இன்னும் கொஞ்சந்தான்"பான்.

ஒரு வருசம், "மேல தண்ணி இருக்குதுங்களா சாமி?"ன்னு கேட்டேன். "இருக்குது சாமி. பையனுக்கு மொட்டை போட்டோம் சாமி"ன்னான். "நல்லா இருக்கட்டும் சாமி"ன்னேன். இன்னொரு வருசம் அவன் இளைச்சிருந்தான். "சாமி ரொம்ப இளைச்ச மாதிரி இருக்குதே"ன்னேன். "அல்சர் சாமி"ன்னான். "காரத்தைக் குறைங்க சாமி, காலையில பழையது குடிங்க சாமி"ன்னேன். கூட ஏறின பொம்பளைங்க எல்லாம் யாரோ எவரோ பேசிக்கறாங்கன்னு நினைச்சிருப்பாங்க. அதுக்கு மேல பேச மாட்டேன். அவன் எறங்குவான், நான் ஏறுவேன். வருசத்துக்கு அது போதும்.

எனக்குப் போதும்னு சொல்றேன். அவனுக்கு எப்படியோ.

அப்புறம் முட்டி போச்சுங்க. அடுப்புக்கு முன்னாடி நின்னு நின்னே தேஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த வருசம் மூச்சுவாங்கிப் பாறைக்குப் போறதுக்குள்ளயே உயிர் போயிருச்சு. பாறையில சாஞ்சு உக்காந்துட்டேன், காலை மடக்க முடியலை. அவன் எறங்கி வந்தான்.

"முடியலைங்களா சாமி?"ன்னான்.

"முட்டி சாமி"ன்னேன். "இன்னும் எத்தனை தூரம் சாமி?"

 என் முட்டியைப் பார்த்துட்டே நின்னான், வீங்கிக் கிடந்துச்சு. கை பின்கழுத்துக்குப் போச்சு. அப்புறம் சொன்னான்.

"ரொம்பத் தூரம் இருக்குது சாமி. பாதிகூட ஆகலை. எறங்கிடுங்க."

நீங்க வெளியூரு, உங்களுக்கு இது பெருசாத் தெரியாது. அந்தப் பாதையில எந்த வாயும் சொல்லாத வார்த்தைங்க அது. ஏறுறவங்களைப் பார்த்து, தூரம் இருக்குது, எறங்கிடுன்னு சொல்றது சாபம் குடுக்கற மாதிரி. பக்கத்துல இருந்த பொம்பளை கன்னத்துல போட்டுக்கிட்டா. காவி கட்டின ஒரு பெரியவர், "ஆண்டவர்கிட்டப் போறவங்களைத் திருப்பி விடற வாயெல்லாம் ஒரு வாயா? வழியை விடு"ன்னு கையை ஓங்கிட்டே வந்தாரு. அவன் தலையைத் தொங்கப்போட்டுட்டு நின்னான். பேச வேண்டிய இடத்துல பேச மாட்டான், பேசக்கூடாத இடத்துல பேசுவான். பொறப்பே அப்படி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் ஆண்டவர்கிட்டப் போறது உனக்குப் பொறுக்கலையா? வருசத்துல ஒரு நாள் உன் எதுக்க வர்றதுகூடப் பாரமாப் போச்சா? எந்திரிச்சேன். கையை ஊனி, படியைப் பிடிச்சு, குழந்தை மாதிரித் தவழ்ந்தே ஏறினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மேல போயி எறங்க முடியலை. அன்னைக்கு அங்கயே மண்டபத்துல படுத்துட்டு, மறுநாள் ரெண்டு பேர் கைத்தாங்கலா எறக்கிவிட்டாங்க. அடிவாரத்துல ஒரு ஆட்டோ நின்னுட்டிருந்துச்சு. "ருக்மணியம்மாதானே? ஏறுங்க, வீட்டுல விடச் சொல்லியிருக்காங்க"ன்னான். யாருப்பான்னு கேட்டா, "நேத்துச் சாயங்காலத்துல இருந்து நிக்கறனுங்க, ஏறுங்க முதல்ல"ங்கறான். கோயில் ஏற்பாடா இருக்கும். திருவிழா நேரத்துல அப்படியெல்லாம் செய்யறாங்க பாருங்க, அதைச் சொல்லணும்.

அதுக்கப்புறம்தான் இந்த ரோப் கார் பேச்சு. கேளுங்க கூத்தை. ரோப் கார் வேணும்னு ஊர்ல ஒரு கமிட்டி போட்டாங்க. அதுல யாரு முதல் ஆளு? நாச்சிமுத்து. பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு, கலெக்டர் ஆபீசுக்கும் அறநிலையத்துறைக்கும் நடையா நடந்தான். பக்கத்து வீட்டுச் சுலோச்சனா கூட்டத்துக்குப் போய்ட்டு வந்து சொன்னா: "அக்கா, உங்க தம்பி மைக்கைப் புடிச்சுப் பேசறாருக்கா. வயசானவங்க, முட்டி வலிக்காரங்க எத்தனை பேரு ஆண்டவரைப் பார்க்க முடியாம இருக்காங்க, பாதிவழியில உக்காந்து அழுவறாங்கன்னு சொல்லிக் கண்ணைத் துடைக்கறாருக்கா"ன்னா.

யாரு முட்டி வலிக்கு இவன் அழறான்? இவனுக்கு முட்டி நல்லாத்தான் இருக்குது. இவன் பொண்டாட்டி மரகதத்துக்கு முட்டி கல்லாட்டம் இருக்குது. ஊருக்கு நல்லவன் வேசம். எனக்குத் தெரியாதா? பாதையில என்னைப் பார்க்கறது அவனுக்குப் பிடிக்கலை. பாதையை ஒழிச்சுக்கட்டிட்டா எதுக்கவே வர வேண்டாமில்ல.

என்ன சொல்றீங்க? எனக்காகவா? நல்லாச் சொன்னீங்க போங்க. நீங்க அவனைப் பார்த்ததில்லை, அதனால சொல்றீங்க.

பாதையைப் பூட்டினப்ப அவன் காட்டிலாக்கா ஆபீசர்கிட்டச் சண்டைக்குப் போனானாம். "ரோப் கார்தானே கேட்டோம், பாதையை மூடச் சொல்லி யாரு கேட்டா"ன்னு சட்டையைப் பிடிக்காத குறையாம். சுலோச்சனாதான் சொன்னா. நாடகம்னேன். அவ, "அக்கா, உங்களுக்கு வாய்தான் அடைச்சிருக்குதுன்னு நினைச்சேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. என்ன சொல்ல வந்தான்னு எனக்கு இன்னும் புரியலை.

போன உத்திரத்துக்கு ரோப் கார் ஓடுச்சு. நான் போகலை. இந்தச் சுலோச்சனா போனா. மேல பொட்டி நிக்கற இடத்துல, கதவு திறக்கற பக்கமா, காலையில இருந்து கடைசிப் பொட்டி வரைக்கும் அவன் நின்னுட்டே இருந்தானாம். ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் எட்டி எட்டிப் பார்த்தானாம். சனம் அவனை வேலையாளுன்னு நினைச்சுட்டு, பாத்ரூம் எங்கங்க, செருப்பு எங்க விடறதுங்கன்னு கேட்டிருக்காங்க. கமிட்டி ஆளுன்னு பெருமைக்கு நின்னிருப்பான். அவனுக்கு நல்லா வேணும்.

வாங்க, வாங்க, கேட்டைத் திறந்துட்டாங்க. இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கறேன். மெதுவாத்தான் வருவேன். நீங்க முன்னாடி போங்க. இல்லை, அந்தத் தூக்குப்போசியை மட்டும் வாங்கிக்குங்க அம்மிணி, கொட்டிரும்.

உங்களை ஒண்ணு கேக்கணும். படிச்சவங்க, வெளியூரெல்லாம் பார்த்தவங்க. இந்தப் பொட்டியில வர்றவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா இன்னது சொல்லணும்னு ஏதாவது இருக்குங்களா? எதுக்க வர்ற பொட்டியைப் பார்த்து, மேல கதவுல நிக்கறவங்களைப் பார்த்து? இல்லையா. யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா. இந்த வேலைக்காரப் பையன்கள் மேடம் மேடம்ங்கறாங்க. அதை வெச்சுட்டு என்ன பண்றது?

சும்மாதான் கேட்டேன். மேல அவன் நின்னா, எதுக்க நேரா நிப்பான். எனக்கு வார்த்தை வேணுமில்லீங்களா? நானா முதல்ல பேச முடியாது, வாக்கு இருக்குது. அவனா பேசினாலும் நான் அக்காளா இருந்து பதில் சொல்ல முடியாது. பாதையா இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. பாதையில வார்த்தை ஏற்கனவே இருக்குது, எடுத்துக்க வேண்டியதுதான்.

ஏறுங்க, ஏறுங்க. ஐயோ, இது நிக்காமயே போகுதே. கொஞ்சம் நிறுத்துப்பா! ஆ... நிறுத்தறாங்க பாருங்க. ஏற முடியாதவங்க வந்தா மொத்தக் கம்பியையும் நிறுத்திடுவாங்களாம். நமக்காக மேல போற பொட்டி, கீழ வர்ற பொட்டி எல்லாம் அந்தரத்துல நிக்குது. பாவம், எல்லாரும் திட்டுவாங்க. அப்பாடா. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க, சரியா இருக்கும்.

கிளம்பிருச்சு. என்னங்க இது, சத்தமே இல்லை. என் வீடு தெரியுது பாருங்க. இவ்வளவு சின்னதாவா இருக்குது?

இன்னைக்கு நான் வர்றது யாருக்கும் தெரியாதுங்க. சுலோச்சனாகிட்டக்கூடச் சொல்லலை. சொன்னா, ஏற மாட்டேன்னீங்களேக்கான்னு ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. போன வாரம் பால் சொசைட்டியில மரகதம் நின்னுட்டிருந்தா. அவ காதுல விழட்டும்னே சத்தமாச் சொன்னேன்: "இந்த உத்திரத்துக்கு நான் நடந்துதான் ஏறப் போறேன். பச்சைக் கேட்டு பூட்டியிருந்தா வேலிச் சந்துல நுழைஞ்சு போவேன். அந்தப் பொட்டியில என் பொணம்தான் ஏறும்." எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மரகதம் பால் வாங்காமயே போயிட்டா. போயி அவன்கிட்டச் சொல்லியிருப்பா. சொல்லணும்னுதான் சொன்னேன். அவன் கொண்டு வந்த காரை நான் மதிக்கலைன்னு அவனுக்குத் தெரியணுமில்ல.

அப்புறம் நேத்து முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பாதையும் இல்லை, முட்டியும் இல்லை. ஆண்டவரையாவது பார்ப்போம்னு வந்துட்டேன்.

கீழ பாருங்க, அந்தக் கோடு மாதிரித் தெரியுதே, அதுதான் பாதை. எப்படி முள்ளு மூடியிருக்குது. அதோ அந்த வளைவுல பந்தல் போட்டு மோர் ஊத்துவாங்க. அதுக்கு மேல, அந்த ஆலமரத்துக்குப் பக்கத்துல பாருங்க, பெருசா ஒரு பாறை. மூச்சுவாங்கிப் பாறை. அதுதான்.

ஏன் நிக்குது? யாராவது கீழ ஏறுறாங்க போல, என்னாட்டம் முட்டி போனவங்க. இருங்க, இருங்க.

அம்மிணி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அந்தப் பாறை மேல மஞ்சளா இருக்குதே, அது என்ன? துண்டா. ஆளா? ஆளுதான். ஒத்தை ஆளு.

அவனோட கை எங்க இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க. இடது கை.

பின்கழுத்துலயா.

அவனுக்கென்ன கிறுக்கா? அங்க எதுக்கு உக்காந்திருக்கான்? கரடி திரியுது, முள்ளுக்காடு. அவன் கொண்டு வந்த கார் இருக்குதில்ல, மேல கதவுகிட்ட நிக்க வேண்டியதுதானே, போன வருசம் நின்ன மாதிரி? மேல போயி அங்கிருந்து வேலியைத் தாண்டி எறங்கியிருக்கான். எறங்கி வந்து உக்காந்திருக்கான். எறங்குறவங்க அங்கதான்... நான் ஏறி வர்ற நேரத்துக்கு...

இந்தக் கண்ணாடி திறக்காதுங்களா? தட்டினாக் கேக்குமா? நாச்சிமுத்து! டேய், நாச்சிமுத்து! இங்கடா, மேல! கேக்காதா? இவ்வளவு கிட்டத்துல இருந்தும் கேக்காதா?

செல்போனா? நம்பர் இல்லீங்க. பேசாதவனோட நம்பரை எதுக்கு வெச்சுக்கறது.

அவன் மேல பார்க்கறானா? சரியாப் பார்த்துச் சொல்லுங்க. இல்லையா. கீழதான் பார்க்கறானா, பாதையையே. ஆமா, அங்கதான் பார்ப்பான். நான் கீழ இருந்துதானே வரணும். ருக்மணி சொன்னா சொன்னதுதான்னு அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். இருட்டற வரைக்கும் உக்காந்திருப்பான். போன வருசம் கடைசிப் பொட்டி வரைக்கும் நின்னவன்.

எறங்கிடு சாமி. அங்க யாரும் வர மாட்டாங்க. ரொம்பத் தூரம் இருக்குது சாமி, இந்த வெயில்ல உக்காராதே. எறங்கிடு.

நகருது. ஐயோ, நகருது. இந்தப் பக்கம் வாங்க, இந்தக் கண்ணாடியில தெரியுதா பாருங்க. மரம் மறைக்குதா. மஞ்சள் தெரியுதா? இல்லையா. சரி.

சரி, உக்காருங்க. ஆடுது.

மேல எறங்கினதும் பழைய பாதைக் கேட்டுல ஆளு நிப்பாங்களா? நான் சொல்லிக்கறேன். ஒரு பாறை வரைக்கும்தான், எறங்கறதுதானே, ஏறுறது இல்லையே. உக்காந்து உக்காந்து எறங்கிடுவேன். அந்தத் தூக்குப்போசியை இங்க குடுங்க, நான் மடியிலயே வெச்சுக்கறேன். இன்னும் சூடு இருக்குது.

இது ஏன் இவ்வளவு மெதுவாப் போகுது? இன்னும் எத்தனை தூரங்க இருக்குது மேல போக?

என்ன சொன்னீங்க? வந்தாச்சா. இன்னும் கொஞ்சந்தானா.

சரிங்க சாமி.